பட்டியலில் இல்லாத பெயர்

அரசாங்கம் மதுவிலக்கைத் தளர்த்திக் கள்ளுக்கடைகளைத் திறந்த வருஷம், எங்கள் சபையில் இனி யாரும் குடிப்பதில்லை என்று சபதம் எடுத்தோம். அப்போது நான் வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமத்தில் உபதேசியாராக இருந்தேன். போதகர் டவுனில் இருந்தார். மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும் வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது, பிரசங்கம் சொல்வது, நோயாளிகளைப் பார்ப்பது, செத்தவர்களை அடக்கம் பண்ணுவது எல்லாம் என் வேலை. வாரநாட்களில் சபைப் பள்ளிக்கூடத்தில் நானும் என் மனைவியும் பாடம் நடத்தினோம். கோயிலுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை ஓட்டுவீட்டில் குடியிருந்தோம். அதுவும் சபையுடையது.

சபையார் எல்லோரும் பண்ணையில் கூலிக்கு வேலை செய்தவர்கள். நானும் அதே மாதிரி ஒரு தெருவில் பிறந்தவன்தான். சபை விடுதியில் படித்ததால் கையில் சுண்ணாம்புக்கட்டி வந்தது, இல்லாவிட்டால் அரிவாள்தான் வந்திருக்கும்.

சபதம் போதகரின் யோசனை. ஆண்கள் எல்லோரும் பீடத்துக்கு முன்னால் வரிசையாக வந்து ஒரு தாளில் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைத்தார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. அதற்கு முன்பு திருவிருந்துப் பாத்திரத்தில் ஒரு வாய் திராட்சரசத்தைத் தவிர எதையும் நான் ருசித்ததில்லை. அதனால் கையெழுத்துப் போடும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அன்றைக்கே ஒரு கிழவர் கேட்டார். "உபதேசியாரே, கல்யாண வீட்டுல தண்ணிய திராட்சரசமா மாத்தினது யாரு? நம்ம ஆண்டவர்தானே? அப்ப அதக் குடிச்சவங்க எல்லாம் பாவியா?"

பக்கத்து ஊர் கத்தோலிக்கர்கள் சாயங்காலம் கள்ளுக் குடித்துவிட்டுக் காலையில் பூசைக்குப் போவதை எங்கள் ஆட்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த ரசத்தில் போதை இருந்திருக்காது என்று நான் பதில் சொன்னேன். எனக்கே அது சரியாகப் படவில்லை. வேதத்தில் பெருவெள்ளத்துக்குத் தப்பப் பேழை செய்த மனிதர் குடித்துவிட்டு ஆடை விலகிக் கிடந்த கதையைச் சொல்லிச் சமாளித்தேன். கிழவர் தலையை ஆட்டிவிட்டு ரேகை வைத்தார்.

செங்கொடிச் சங்கத்துக்காரர்களும் சபதத்தை ஆதரித்தார்கள். அவர்களுடைய காரணம் வேறு. அறுவடைக் காலத்தில் பண்ணைக்காரர் கூலியில் ஒரு பங்கைக் கள்ளாகக் களத்துக்கே அனுப்புவார். குடித்தவன் கூலி உயர்வு கேட்க மாட்டான். அந்த விஷயத்தில் கோயிலும் கொடியும் ஒன்றாக நின்றன.

சபதம் எடுத்து இரண்டு மாதத்தில் போதகர் என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். "யார் யார் கடைக்குப் போறாங்கன்னு பாத்து எழுதி வைங்க. அடுத்த மாசம் விசாரிப்போம்."

எங்கள் ஊர்க்காரர்கள் பக்கத்துக் கடைக்குப் போகாமல், முகம் தெரியாத இடமாகத் திருவிடைமருதூர் போகிற வழியில் இருந்த ஒரு கடைக்குப் போனார்கள். நானும் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறிப் போய், கடைக்கு எதிரே இருந்த சைக்கிள் கடையில் உட்கார்ந்துகொள்வேன். ஏழெட்டு நாள் போனேன். பெயர்களை எழுதினேன். எழுதும்போது கடையிலிருந்து புளித்த வாடை வரும். முதலில் குமட்டியது. நாலாம் நாள் அந்த வாடை வரும் திசைக்குத் தானாகவே என் முகம் திரும்பியதை நான் கவனித்தேன்.

ஒருநாள் பங்குனி வெயில். பஸ் வரவில்லை. எங்கள் சபைக்காரர் ஒருவர் கடையிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டார். ஒல்லியான மனிதர், வயது நாற்பதுக்கு மேல். ஊரில் நடவுப் பெண்களுக்கெல்லாம் முன்னால் நிற்கிற ஒரு அம்மாளின் கணவர். அந்த அம்மாளை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் ஓடி ஒளிவார் என்று நினைத்தேன். அவரோ நேராக என்னிடம் வந்தார்.

"என்ன உபதேசியாரே, வெயில்ல காயறீங்க? பேரு எழுதிட்டீங்களா?"

நான் நோட்டை மடித்துச் சட்டைக்குள் வைத்தேன்.

"எழுதிக்குங்க, பரவால்ல. ஒரு வாய் குடிங்க. தென்னங்கள்ளுதான், இப்பத்தான் எறக்கினது. இளநி மாதிரி இருக்கும்."

அவர் உள்ளே போய்க் கண்ணாடிக் கிளாசில் கொண்டுவந்து நீட்டினார். அதில் கிண்டல் இல்லை. வெயிலில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குத் தாகம் தீர எதையாவது கொடுக்கிற கை, அவ்வளவுதான். நான் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் யோசித்திருக்கிறேன். துக்கம் எதுவும் எனக்கு அன்றைக்கு இல்லை. தாகம் இருந்தது, ஆள் இல்லாத ரோடு இருந்தது, எதிரே இருந்தவர் யாரிடமும் சொல்ல மாட்டார் என்று தோன்றியது.

பஸ்ஸில் திரும்பும்போது வாய்க்கால்களெல்லாம் வறண்டு கிடந்தன. எனக்கு மட்டும் உலகம் நனைந்திருந்த மாதிரி இருந்தது.

அதற்கு மறுவாரம் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த மனிதரை வேறு இரண்டு பேரும் கடையில் பார்த்திருந்தார்கள். அவர் பெயரை விட்டுவிட்டால் ஏன் விட்டாய் என்று கேள்வி வரும். எழுதினேன். பட்டியலில் மொத்தம் ஒன்பது பெயர். பத்தாவதாக எழுத வேண்டியது என் பெயர்.

போதகர் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெயர்களை வாசித்தார். எட்டுப் பேர் எழுந்து மன்னிப்புக் கேட்டார்கள். அந்த மனிதர் மட்டும் எழுந்து, "குடிச்சேன். பொய் சொல்ல மாட்டேன். இனிமே குடிக்க மாட்டேன்னும் சொல்ல மாட்டேன்" என்றார். அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கினார்கள். அதன் பிறகு அவர் ஒவ்வொரு ஞாயிறும் வந்து கடைசிப் பாயில் உட்காருவார். முதல் ஞாயிறுகளில் பாத்திரம் எடுக்கும் நேரத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒரு தடவைகூட என்னை முறைத்ததில்லை. கோயில் வாசலில் பார்த்தால், "நல்லாருக்கீங்களா உபதேசியாரே?" என்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து நான் பக்கவாசல் வழியாக வரப் பழகினேன்.

குடியை நான் விட்டேனா என்றால், இல்லை. வாரத்துக்கு ஒருநாள் என்று ஆரம்பித்தேன். அளவோடு இருந்தால் தப்பில்லை என்று எனக்கு நானே ஒரு பிரசங்கம் தயார் பண்ணிக்கொண்டேன். வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்லி ஒரு ஊழியக்காரருக்கு வந்த புத்திமதி வேதத்திலேயே இருக்கிறது. அதை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்த ஒரு வரிக்குள் என்னைச் சுருட்டி நுழைத்துக்கொள்ளப் பார்த்தேன். வாரத்துக்கு ஒருநாள் இரண்டாகி, இரண்டு நாலாகியது. டவுனில் வேலை, சுற்றுச்சபைகளின் சர்க்கிள் கூட்டம், பல்வலி என்று வீட்டில் காரணம் சொல்வேன்.

என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் சட்டை போடும்போது பையில் நாலைந்து ஏலக்காய் கிடந்தது. அவளைப் பார்த்தேன். அவள் கரும்பலகைத் துணியை உதறிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு தினமும் என் பையில் ஏலக்காய் இருந்தது. என் வேலை போனால் அவள் வேலையும் போகும், வீடும் போகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் திட்டியிருந்தால் எனக்கு மூச்சு வந்திருக்கும். ஏலக்காயை மென்றுகொண்டே பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடம் சொன்னேன்.

இரண்டு மூன்று வருஷம் இப்படிப் போனது. பிறகு அரசாங்கம் கடைகளை மறுபடியும் மூடியது. அந்தச் செய்தியைக் கேட்ட அன்றைக்கு நான் கோயிலுக்குள் தனியாகப் போய் முழங்கால் போட்டு நன்றி சொன்னேன். பொய்யில்லை, நிஜமாகவே சொன்னேன். கதவை ஆண்டவரே சாத்திவிட்டார், இனி நான் போக இடமில்லை என்று நினைத்தேன். பத்து நாள் தாங்கினேன். பதினோராம் நாள் பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புக்கட்டியைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது.

பண்ணையில் ஒரு காரியக்காரர் இருந்தார். மிராசுதார் தஞ்சாவூரிலேயே இருந்துவிட, நிலம், ஆள், களம் எல்லாவற்றையும் பார்த்தவர் அவர்தான். டாக்டர் சீட்டின் பேரில் பிராந்தி வாங்கப் பர்மிட் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றப் பண்ணையிலிருந்து மூங்கில் கேட்டு ஒரு மத்தியானம் அவரைப் பார்க்கப் போனேன். பம்புசெட் கொட்டகையில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பார்த்தார்.

"என்னங்க உபதேசியாரே, ஒடம்பு சரியில்லீங்களா? உக்காருங்க."

கட்டிலுக்கு அடியிலிருந்து பிராந்தி பாட்டிலை எடுத்தார். "மருந்துதான். நானும் மருந்தாத்தான் சாப்பிடறேன். இங்க யாரு பாக்கப் போறா?"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் வெளியே இருப்பவர்கள் எதுவும் கேட்க முடியாது. நான் குடித்தேன். கை நின்றது.

அதிலிருந்து கொட்டகைக்குப் போவது என் வழக்கமானது. என்னிடம் அவர் எதுவுமே கேட்கவில்லை. மூங்கிலும் கொடுத்தார். ஆறு மாதத்தில் "வாங்க, உக்காருங்க" என்பது "வாய்யா, உக்காரு" ஆனது. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் போனேன்.

அந்த வருஷம் குறுவை நன்றாக விளைந்தது. ஐப்பசி பிறந்தால் எந்த நேரமும் மழை இறங்கும். குறுவைக் கதிர் முற்றிய பிறகு நாலு நாள் மழையில் நின்றால் வயலிலேயே முளைத்துவிடும். அதனால் கூலி உயர்வு கேட்க அதைவிட நல்ல சமயம் கிடையாது. அறுவடைக்கூலியில் கூடுதலாக அரை மரக்கால் நெல் கொடுத்தால்தான் அரிவாள் எடுப்போம் என்று எங்கள் தெரு முழுவதும் உட்கார்ந்துவிட்டது. முன்னால் நின்றது அக்கா. அவர் கணவரும் கூட நின்றார்.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை, காரியக்காரர் ஆள் அனுப்பினார். போனேன். அன்றைக்குக் கிளாசை எடுத்து வைத்தார், ஊற்றவில்லை.

"நாளைக்குக் கோயில்ல என்ன பேசப் போற?"

"இன்னும் முடிவு பண்ணலீங்க."

"நான் சொல்றேன். இருக்கிற கூலியே போதும்னு திருப்தியா இருக்கச் சொல்லி உங்க வேதத்துல இல்லையா? எனக்கே ஒரு பாதிரி சொல்லியிருக்காரு. அதப் பேசு."

"அது படைவீரர்களுக்குச் சொன்னதுங்க. கூலிக்காரங்களுக்கு இல்ல."

"உங்க ஆளுங்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா?" சிரித்தார். "பேசினா நல்லது. இல்லேன்னா திங்கக்கிழமை நானே டவுனுக்குப் போயி உங்க போதகரைப் பாக்கறேன். இந்தக் கொட்டகைக்கு நீ எத்தனை தடவை வந்தேன்னு மோட்டார்க்காரனும் சொல்லுவான்."

அதற்குப் பிறகுதான் ஊற்றினார். நான் அதையும் குடித்தேன். இத்தனை வருஷத்தில் எனக்கு மிகவும் வெட்கம் தருவது அந்த ஒரு கிளாஸ்தான்.

ஞாயிற்றுக்கிழமை பேசினேன். நன்றாகவே பேசினேன். பயத்தில் குரல் நடுங்கியதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பொறுமையாக இருங்கள், விளைந்ததை அழியவிடுவது ஆண்டவர் கொடுத்த ஈவை அவமதிப்பது, பண்ணைக்காரர் மனசை அவரே திருப்புவார் என்றேன். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அக்கா மட்டும் என்னை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, "யாரு சொல்லி இத பேசினீங்க?" என்று கேட்டார். நான் உள்ளே போய்ப் பாய்களைச் சுருட்டினேன்.

திங்கட்கிழமை பாதித் தெரு அரிவாளோடு வயலில் இறங்கியது, பழைய கூலிக்கு. மீதிப் பேர் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்கூட இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்துப் போதகரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதல் கிளாஸ், பட்டியல், பம்புசெட், பிரசங்கம் எல்லாம். அடிப்பார், விரட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லீங்கய்யா."

"சொல்லாதீங்க. இப்ப சபை ரெண்டா நிக்குது. இதுவும் தெரிஞ்சா கோயில்ல பூட்டு போட வேண்டியதுதான். குடிக்கறத விடப் பாருங்க. முடியலேன்னா அளவா வச்சுக்குங்க."

அளவு என்ற சொல் அவர் வாயில் வந்ததும் எனக்குப் புரியவில்லை. "சபதத்துல அப்படி இல்லீங்களேய்யா. ஒரு சொட்டும் கூடாதுன்னுதானே கையெழுத்து வாங்கினோம்?"

போதகர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "குடிக்கறதே பாவம்னு நான் நம்பலீங்க. குடிவெறிதான் பாவம். டாக்டர் சொன்னதால நானும் எப்பவாவது ஒரு அவுன்ஸ் எடுத்துக்கறேன். ஆனா அந்த ஜனங்களுக்கு அளவு தெரியாது. அதனாலதான் மொத்தமா கூடாதுன்னு வச்சோம்."

அந்த ஜனங்கள் என்றால் என் அப்பாவும் அம்மாவும். அவர் கெட்டவரில்லை. என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். ஆனால் அவர் சொன்னதைக் கூட்டிப் பார்த்தால் இவ்வளவுதான். அளவு எங்களுக்கு, விலக்கு அவர்களுக்கு. அந்த 'எங்களுக்கு' என்பதற்குள் என்னை அவர் சேர்த்துக்கொண்டபோதுதான் நான் எங்கே வந்து சேர்ந்திருக்கிறேன் என்று தெரிந்தது. ஒரு பக்கம் காரியக்காரர் என் ரகசியத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பேசவைக்கிறார். இன்னொரு பக்கம் போதகர் அதே ரகசியத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பேசவிடாமல் வைக்கிறார்.

"திருவிருந்துல பாத்திரத்த நான் தொடாம இருக்கலாமாங்கய்யா?" என்று கேட்டேன். ஆராதனைக்குப் பிறகு மிஞ்சின ரசத்தைக் கொட்டக்கூடாது. போதகருக்கு அவசரம் என்றால் நான்தான் குடித்து முடிப்பேன். ஒவ்வொரு முதல் ஞாயிறும் அங்கிருந்து நேராகக் கொட்டகைக்குத்தான் என் கால் போகும்.

"நீங்க எடுக்கலேன்னா ஜனங்க ஏன்னு கேப்பாங்க" என்றார். "கோயில்ல ஒண்ணும் பேசாதீங்க. அது என் உத்தரவு."

புதன்கிழமை முழுவதும் நான் குடிக்கவில்லை. வியர்த்துக் கொட்டியது, சோறு இறங்கவில்லை. என் மனைவியிடம் சொன்னேன், "நான் சொல்லிடப் போறேன்." அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, "சொன்னா எங்க போறது?" என்று கேட்டாள். "தெரியல" என்றேன். அடுப்பை அணைத்த பிறகு, "எங்கம்மா வீட்டுக்கு ஒரு கார்டு போட்டு வைக்கறேன்" என்றாள். மறுநாள் காலை என் பையில் ஏலக்காய் இல்லை.

வியாழக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். வாய்க்கால் கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். கணவர் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். பட்டியலைப் பற்றிச் சொன்னபோது அக்கா அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

"ஒனக்குத் தெரியுமா இது?"

"கிளாஸ நான்தானே கொடுத்தேன்" என்றார் அவர்.

"இவ்வளவு நாளு கடைசிப் பாயில ஒக்காந்திருந்தியே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் கட்டை இறுக்கினார். "ரெண்டு பேரும் பின்னாடி ஒக்காந்துட்டா முன்னாடி நின்னு பாட்டு யாரு எடுக்கறது? எனக்கு ராகம் வராது."

அதைக் கேட்டு நான் அழுதேன். அக்காவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "இங்க வந்து எங்ககிட்ட அழுதுட்டுப் போனா ஆச்சா? ஒங்க பேச்சக் கேட்டு எறங்கினவங்ககிட்டச் சொல்லுங்க."

"கோயில்ல பேசக் கூடாதுன்னு போதகர் உத்தரவுக்கா."

"அவங்க இப்ப கோயில்லயா இருக்காங்க? களத்துல இருக்காங்க. களத்துக்கு அவரு உத்தரவு கிடையாதே."

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை சொல்லிவிட்டுக் களத்துக்குப் போனேன். தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பாதி வயல் அறுபட்டிருந்தது, பாதி நின்றுகொண்டிருந்தது. கதிரடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், அறுத்துக்கொண்டிருந்தவர்கள் அரிவாளோடு கரையேறி வந்தார்கள். நெல் குவியலுக்குப் பக்கத்தில் காரியக்காரர் குடையோடு நின்றார். பிரசங்கத்துக்குத் தயார் பண்ணுகிற மாதிரி வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை நான் பேசினது பொய்" என்றேன். "பண்ணைல பிராந்தி வாங்கிக் குடிச்சுட்டு, பயந்து பேசினேன். வேதத்துல அது ஒங்களுக்குச் சொன்னதில்ல. ஒங்க எல்லார்கிட்டயும் குடிக்காதேன்னு கையெழுத்து வாங்கின நான் மூணு வருஷத்துக்கு மேல குடிக்கறேன். என் பேர நான் எழுதல. என்ன மன்னிச்சுடுங்க."

காரியக்காரர் சிரித்தார். "உபதேசியாருக்கு வெயில் ஏறிடுச்சு. வேலையப் பாருங்கடா."

வெயிலே இல்லை. யாரும் சிரிக்கவில்லை. ஒரு இளைஞன், பிரசங்கம் கேட்டு அண்ணன் பேச்சை மீறி வயலில் இறங்கினவன், கையிலிருந்த கதிர்க்கட்டைப் போட்டுவிட்டு வந்து என் சட்டையைப் பிடித்தான். "ஒன் பேச்சக் கேட்டுத்தான்யா எங்கண்ணன் மூஞ்சில முழிக்க முடியாம நிக்கறேன்" என்று கன்னத்தில் அறைந்தான். என் மூக்குக்கண்ணாடி தெறித்து வைக்கோலில் விழுந்தது. இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியபோது, எனக்குப் பின்னாலேயே களத்துக்கு வந்திருந்த அக்கா நடுவில் நின்றார். என்மேல் இரக்கப்பட்டு அவர் வந்ததாக நான் நினைக்கவில்லை.

"அடிக்கற நேரமா இது? வானத்தப் பாரு" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "அரிவாளக் கீழ வைங்க" என்றார்.

ஒவ்வொருவராக வைத்தார்கள். அந்தச் சத்தம், இரும்பு களத்து மண்ணில் விழுகிற சத்தம், நான் எந்தக் கோயில் மணியிலும் கேட்டதில்லை. காரியக்காரர் கத்தினார், கெஞ்சினார், மறுபடி கத்தினார். ஒருவரும் அசையவில்லை.

சனிக்கிழமை மழை பிடித்தது. ஞாயிறு மத்தியானம் தஞ்சாவூரிலிருந்து மிராசுதார் காரில் வந்து, கூடுதல் அரை மரக்காலுக்குப் பதில் கால் மரக்கால் என்று பேசி முடித்தார். கேட்டதில் பாதிதான். ஏற்கனவே அறுத்தவர்களுக்கு அது கிடையாது என்று சொல்லிவிட்டார். அதில் நான் பேசிக் கெடுத்த குடும்பங்கள்தான் அதிகம். மழை விடாததால் நின்ற கதிரில் பாதி முளைத்துப் போனது.

ஒரு மாதத்துக்குள் எனக்கு வேலை போனது. குடித்ததற்காக என்று உத்தரவில் எழுதவில்லை, கீழ்ப்படியாமை என்று எழுதியிருந்தது. என் மனைவியையும் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் புறப்பட்ட அன்றைக்குத் தெருவில் பாதிக் கதவு சாத்தியிருந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அந்த ஒல்லியான மனிதர் மட்டும் எங்கள் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்தார். அவர்மேல் வாடை அடித்தது. எங்கே கிடைத்ததோ. எனக்கு நாக்கு ஊறியதை அவர் பார்த்திருப்பார். பெட்டியை இறக்கிவிட்டு நாலு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

திருவையாற்றில் மனைவியின் அம்மா வீட்டுக்குப் போனோம். நான் ஒரு அரிசி ஆலையில் மூட்டை எண்ணுகிற வேலைக்குச் சேர்ந்தேன். குடியை அந்தக் களத்திலேயே விட்டுவிட்டேன் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று தடவை விழுந்தேன். மூன்றாவது தடவை ஆலை வாசலில் கிடந்த என்னை மனைவி கைவண்டியில் வைத்துக் கூட்டி வந்தாள். தெருவே பார்த்தது. மறைக்க ஒன்றும் பாக்கியில்லாததால் அவள் அன்றைக்கு எனக்குச் சூடாகக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வாய்விட்டுத் திட்டினாள். சாயங்காலம் வரைக்கும் திட்டினாள். அதற்குப் பிறகு நான் குடிக்கவில்லை.

குடிப்பது பாவமா என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறேன். அளவாகக் குடித்துவிட்டு நிம்மதியாகப் படுக்கிற நல்ல மனிதர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. எனக்கு அளவு என்று ஒன்று இல்லை. அது என் ஜனங்களின் குறை அல்ல, எனக்கு மட்டும் உள்ளது.

இங்கே உள்ள கோயிலில் முதல் ஞாயிறுகளில் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பாத்திரம் வரும்போது எழுந்து என் இடத்துக்குத் திரும்பிவிடுவேன். புதிதாக வந்த போதகர், வயதில் சின்னவர், ஒருநாள் வாசலில் நிறுத்தி, "ஏங்கய்யா பாத்திரம் எடுக்க மாட்டேங்கறீங்க? மனசுல ஏதாவது கோபமா?" என்று கேட்டார். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள்.

"நான் குடிகாரன் தம்பி" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. பக்கத்தில் நின்ற என் மனைவி குடையை விரித்து, "மழ வருது, நடங்க" என்றாள்.